இரண்டு இல்லங்களில் காலைப் பணி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இலாப நோக்குடைய நிறுவனங்கள் நடத்துகின்றன. மற்றவை தொண்டு அமைப்புகளுடையவை அல்லது நகராட்சிகளுடையவை. நான் ஒரு தனியார் இல்லத்திலும் பிறகு ஒரு நகராட்சி இல்லத்திலும் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்திருக்கிறேன். இரண்டுக்கும் சட்டம் ஒன்றே. ஆனால் விடியற்காலையில் ஒரு முதியவருக்குக் கிடைத்த நேரம் ஒன்றாக இருக்கவில்லை.

தனியார் இல்லத்தில் யாராவது விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் வருவது அரிது. அவருடைய பங்கையும் நாங்களே பிரித்துக்கொள்வோம். மறதிநோய் உள்ள ஒருவரை அவசரமாக எழுப்பி உடை மாற்றினால் அவர் பயந்துபோய்க் கையை ஓங்குவார். உடனே 'ஆக்ரோஷமானவர்' என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். நகராட்சி இல்லத்தில் அதே நிலையில் உள்ளவர்கள் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து, கதைத்து, தாமாகவே சட்டைக்குக் கையை நீட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

தாதிமைக்கும் பராமரிப்புக்கும் உணவுக்கும் மாகாண அரசு தரும் பணத்திலிருந்து எந்த இல்லமும் இலாபம் எடுக்க முடியாது. மீந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே உரிமையாளர் யாராக இருந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. நகராட்சிகள் தம் வரிப்பணத்தையும் சேர்த்து ஆட்களை வைக்கின்றன. நான் வேலை செய்த தனியார் இல்லத்தில் பலருக்குப் பகுதிநேர வேலைதான். பிழைப்புக்காக இரண்டு இல்லங்களுக்கு ஓடினார்கள். ஒருவர் ஓர் இல்லத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்ற உத்தரவு 2020 ஏப்ரலில், கொரோனா பல இல்லங்களுக்குள் புகுந்த பிறகே வந்தது.

அந்த ஆண்டு ஒன்ராறியோ இல்லங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது என் அனுபவத்தோடு பொருந்துகிறது. தொற்று நுழையும் வாய்ப்பில் உரிமையாளர் வகையால் வேறுபாடு இல்லை. நுழைந்த பிறகோ, இலாப நோக்கு இல்லங்களில் அது அதிகம் பரவியது, இறப்புகளும் கூடின. 1972 கால வடிவமைப்பு விதிகளின்படி கட்டிய பழைய கட்டடங்களும், பல இல்லங்களை ஒரே நிறுவனம் வைத்திருக்கும் சங்கிலி உரிமையும் முக்கியக் காரணங்கள். அப்போது அங்கே ஓர் அறையில் நான்கு பேர் வரை, இடையில் திரைச்சீலை மட்டும் என்றால் யாரை எப்படித் தனிமைப்படுத்துவது?

தனியார் இல்லங்களிலும் நல்ல தாதியர் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் நான் வேலை கற்றேன். ஆனாலும் பெற்றோருக்கு இடம் தேடுபவர்கள் கேட்டால், விண்ணப்பத்தின் விருப்பப் பட்டியலில் நகராட்சி இல்லத்தை முதலில் எழுதுங்கள் என்றே சொல்வேன். எந்த இல்லமானாலும், இரவில் ஒரு தளத்துக்கு எத்தனை உதவியாளர்கள், அவர்களில் எத்தனை பேர் முழுநேரம் என்று நேரில் கேளுங்கள்.