வத்தல்மலைக்கு ஜெனரேட்டர் ஏற்றிப் போன அனுபவம்

பாலக்கோடு பக்கம் மைக் செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறேன். போன பங்குனியில் வத்தல்மலை மேலே ஒரு மாரியம்மன் பண்டிகைக்கு ஆர்டர் வந்தது. ராத்திரி முழுக்கக் கூத்து. காற்று பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும், ஜெனரேட்டர் கட்டாயம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். என்னுடையது 5 கேவிஏ பெட்ரோல் மெஷின், எடை சுமார் 85 கிலோ. தர்மபுரி தாண்டி அடிவாரம் வரைக்கும் கவலை இல்லை. அதற்குமேல் கொண்டை ஊசி வளைவுகள்.

கவலைப்பட எனக்கு ஒரு காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குச் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை மூடிய வேனில் கொண்டுபோனேன். மேலே சாமான் இடித்ததால் மெஷினைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டேன். வழியெல்லாம் வண்டிக்குள் பெட்ரோல் நாற்றம், டிரைவருக்குத் தலைவலி. மண்டபத்தில் இறக்கி ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் ஒரு சாண்கூட வரவில்லை. இஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி பிஸ்டன் அசையாமல் நின்றுவிட்டது. அந்த நிலையில் முரட்டுத்தனமாக இழுத்தால் உள்ளே கனெக்டிங் ராடே வளைந்துவிடும். மெக்கானிக்கிடம் போனில் கேட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டைமேல் துணியைப் போட்டு, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு மெதுவாக இழுத்தோம். கறுப்பு ஆயில் பீய்ச்சி அடித்தது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சும் ஆயிலில் ஊறிப்போயிருந்தது. அதைக் கழுவிக் காயவைத்து மாட்டி, ஆயில் அளவைச் சரிபார்த்துக் கிளப்ப 2 மணி நேரம் ஆனது. அதுவரை பெண் வீட்டார் செல்போன் வெளிச்சத்தில் நின்றிருந்தார்கள். அந்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் இந்த முறை முதல் நாள் சாயங்காலமே வேலையை ஆரம்பித்தேன். மெஷினைக் கிளப்பிவிட்டு பெட்ரோல் டேப்பை மூடினேன். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் தீரும்வரை ஓடி, சத்தம் இரண்டு முறை ஏறி இறங்கி, தானாக நின்றது. இது முக்கியம். டேப் திறந்தே இருந்தால் ரோட்டுக் குலுக்கலில் கார்புரேட்டர் மிதவை ஆடி, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக இஞ்சினுக்குள் கசியும். அப்புறம் ஆயிலை முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாசம் அடிக்கும். டேங்கில் இருந்ததையும் கேனில் வடித்துவிட்டேன். ஏற்றத்தில் மெஷின் சாயும்போது மூடியின் காற்றுத் துளை வழியாகப் பெட்ரோல் கசிந்து சைலன்சர்மேல் விழ வாய்ப்பு உண்டு. பேட்டரி நெகட்டிவ் வயரையும் கழற்றிச் சுற்றிவைத்தேன்.

காலையில் சின்ன யானை (டாடா ஏஸ் வண்டி) வந்தது. ஓட்டி வந்தவர் தொப்பூர் கணவாயில் வருஷக்கணக்காக லாரி ஓட்டியவர். வந்ததும், "பின்னாடியே வச்சுக்கலாம்ணா, எறக்க சுளுவா இருக்கும்" என்றார். பிறகு எடையைக் கேட்டவர் அவரே, "வேணாம், கேபின் ஒட்டி வைங்க. ஏத்தத்துல பின்கதவு மேல சாஞ்சா கதவு தாங்காது" என்று மாற்றிச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இடுப்பளவு மண்மேடு ஒன்று உண்டு. வண்டியை ரிவர்ஸில் அதில் ஒட்டி நிறுத்தினால் பாடியும் மேடும் ஏறக்குறைய ஒரே மட்டம். நடுவில் பலகை போட்டு மெஷினை உருட்டியே ஏற்றிவிட்டோம். மேடு இல்லாத இடத்தில் மூன்று பேராவது வேண்டும். பிடிக்க வேண்டியது இரும்புக் குழாய்ச் சட்டத்தை. மடக்கும் கைப்பிடியையும் டேங்கையும் பிடித்துத் தூக்கக் கூடாது.

அடியில் மாட்டுக் கொட்டகைக்கு விரிக்கிற ரப்பர் மேட். அது வழுக்காது, அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. நாலு மூலைச் சட்டத்திலிருந்தும் வண்டிக் கொக்கிகளுக்குக் குறுக்காக நாலு லோடு பெல்ட். அக்கா மகன் டேங்குக்கு மேலேயே ஒரு கயிறு போடப் போனான். "டேங்க் நசுங்கிப்போகும்டா தம்பி, சட்டத்துல கட்டு" என்று தடுத்தேன்.

பெட்ரோல் கேன் இரும்பில் வாங்கினது. பங்கில் அதை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துத்தான் நிரப்பச் சொன்னேன். ரப்பர் மேட் மேல் வைத்தபடி ஊற்றினால் நிலை மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் கேனிலேயே தங்கிவிடும். ஒரு பொறி போதும். கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு, மெஷினுக்கு எதிர் மூலையில் தனியாகக் கட்டினோம்.

அடிவாரத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு பெல்ட் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு ஏறினோம். அரை மணி நேரத்தில் சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடிகளும் தெரிய ஆரம்பித்தன. மேலே இறக்கி, சமதரையில் கால் மணி நேரம் சும்மா நிற்கவிட்டு, ஆயில் அளவு பார்த்துத்தான் கிளப்பினேன். இரண்டாவது இழுப்பில் ஓடியது.

பந்தலிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளி, புகை வெளிப்பக்கம் போகிற மாதிரி வைத்திருந்தேன். நடுராத்திரிக்கு மேல் மலைக்குளிர் எலும்பில் ஏறியது. பெட்ரோல் பார்க்கப் போனால், நாலு பிள்ளைகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சைலன்சர் பக்கம் சுருண்டு படுத்திருக்கிறார்கள். சூட்டுக்காக வந்தவர்கள். எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழவே விடாது. ஒவ்வொருவராக எழுப்பிப் பந்தலுக்குள் அவரவர் அம்மாவிடம் விட்டுவிட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, அக்கா மகனைக் காவலுக்கு நிற்க வைத்தேன்.

விடிகாலை கூத்து முடிந்ததும் எல்லோருக்கும் இறங்குகிற அவசரம். எனக்கு இந்த நேரத்தில்தான் பயம் அதிகம். முன்பு ஒரு தடவை சூடு ஆறுவதற்குள் தார்ப்பாயை மூடி, அது சைலன்சரில் உருகி ஒட்டிக்கொண்டது. டேங்கிலும் பெட்ரோல் இருந்திருந்தால் வண்டியே எரிந்திருக்கும். இந்த முறையும் டேப்பை மூடி, தானாக நிற்கவிட்டு, ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். சைலன்சர்மேல் கையால் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். முதலில் சுர்ரென்று ஆவியாகிப் போனது, கடைசியில் சொட்டு அப்படியே உருண்டு கீழே விழுந்தது. டேங்கில் மிச்சமிருந்ததை வடித்துவிட்டு ஏற்றினோம். ஊர்ப் பையன்கள் மூன்று பேர், "நாங்களும் பின்னாடி குந்திக்கிறோம்ணா, தர்மபுரியில எறங்கிக்கிறோம்" என்று கேட்டார்கள். லோடு கட்டிய பாடியில் ஆள் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும்.

ஏறின கியரிலேயே இறக்கினார் டிரைவர். இறக்கத்தில் லோடு கேபின் பக்கம் அழுத்தும் என்பதால் முன்பக்கம் ஒரு பழைய டயரை முட்டுக் கொடுத்திருந்தோம். வீட்டுக்கு வந்து ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது, பெட்ரோல் வாசமும் இல்லை.