"ஜீரோ பார்த்தியாப்பா?"

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த கையோடு, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்கு இன்டர்வியூ போனேன். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. ஃபிட் எத்தனை வகை, டாலரன்ஸ் என்றால் என்ன என்று ஒரு வாரம் ராத்திரி பகலாகப் படித்திருந்தேன். என்னைப் பற்றிச் சொல்ல ஆங்கிலத்தில் பன்னிரண்டு வரி மனப்பாடம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் ஒரு ஷாஃப்ட்டையும் (உருளைத் தண்டு), அதன் விட்டத்தை அளக்க வெர்னியர் கருவியையும் என் பக்கம் தள்ளினார். "டயா பார்த்துச் சொல்லுப்பா."

"25.06, சார்."

"லீஸ்ட் கவுண்ட்?" கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவைக் கேட்டார்.

"0.02 மில்லிமீட்டர். மெயின் ஸ்கேலில் 49 மில்லிமீட்டரை வெர்னியரில் 50 பங்காகப் பிரித்திருக்கும், சார்."

தலையாட்டினார். வெர்னியரை வாங்கி, பொருளைக் கவ்வும் ஜாவை முழுதாக மூடி என் கண்ணருகே காட்டினார். சுழியில் நிற்க வேண்டியது 0.04-இல் நின்றது. "ஜீரோ பார்த்தியாப்பா? டிராயிங்கில் 25 ± 0.05, அதாவது 25.05 வரை போகலாம். நல்ல பீஸை ரிஜெக்ட் பண்ணிட்டியே."

அந்த 0.04-ஐக் கழித்தால் ஷாஃப்ட்டின் உண்மையான அளவு 25.02. ஜீரோ எரர் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் கடகடவென்று ஒப்பித்திருப்பேன். கருவி கைக்கு வந்ததும் அது நினைவுக்கே வரவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுகை முட்டியது.

அப்புறம் இரண்டு வாரம் மாமாவின் லேத் பட்டறையில் கிடந்தேன். எண்ணெயைத் துடை, ஜீரோ பார், திருப்பித் திருப்பி மூன்று இடத்தில் அள. மைக்ரோமீட்டரை (இன்னும் நுணுக்கமாக அளக்கும் கருவி), அளவுக்கு மேல் அழுத்தவிடாத ராட்செட்டைப் பிடித்துத்தான் திருக வேண்டும். கடைந்த சூட்டோடு ஜாபை, அதாவது கடைந்த பொருளை, அளக்க எடுத்தால், "ஆறட்டும்டா, இப்போ அளவு கூடத்தான் காட்டும்" என்பார் மாமா.

அடுத்த இன்டர்வியூவில், அளவு பார்க்கும் அறையை ஏன் 20 டிகிரியில் வைக்கிறோம் என்று கேட்டார்கள். "ஏன் 20 என்று தெரியாது, சார். ஆனால் சூடான ஜாபை அளந்தால் கூடக் காட்டும், ஆறினால் குறையும். பட்டறையில் பார்த்திருக்கிறேன்" என்றேன். அவர் உற்சாகமாகிவிட்டார். அளவுகளுக்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வெப்பநிலை அது என்றும், 100 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய 12 மைக்ரான் (0.012 மில்லிமீட்டர்) நீளும் என்றும் தாளில் போட்டே காட்டினார். வேலை கிடைத்தது.

இப்போது கேள்வி கேட்கும் நாற்காலியில் நான் இருக்கிறேன். ரெஸ்யூமில் சிஎம்எம் (பொருளைத் தொட்டு முப்பரிமாணத்தில் அளக்கும் மெஷின்) தெரியும் என்று எழுதியிருந்தால், அதன் தொடும் முனையான ப்ரோபை எப்படி காலிபரேட் செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பலர் அங்கேயே வாயடைத்துப் போகிறார்கள். பார்த்திருக்கிறேன், ஓட்டியதில்லை என்று சொன்னால் எனக்கு அதுவே போதும், மேலே பேசலாம். தமிழில் சொல்லலாமா என்று தயங்குபவர்களிடம், தாராளமாகச் சொல்லுங்கள் என்பேன். மெஷினுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் தமிழில்தானே பேசிக்கொள்கிறோம்.

என் மேஜையிலும் ஒரு ஷாஃப்ட்டும் வெர்னியரும் உண்டு. போன மாதம் ஒரு பெண் அளந்துவிட்டு, "இன்னொரு தடவை பார்த்துக்கட்டுமா சார்?" என்றார். இரண்டு முனையிலும் அளவு வேறு வேறாக வருகிறதாம். "டேப்பர் இருக்கும் போல, சார்."

இருந்தது. திங்கள்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டார்.