300 சதுர அடி மண்

8 ஜூன் 2025, ஞாயிறு

செப்டம்பருக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். நம் கையில் இருக்கும் பணத்துக்கு ஊருக்கு வெளியே லிஃப்ட், கார் பார்க்கிங்கோடு புது வீடே கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கும்தான். ஆனால் அம்மாவுக்கு 74 வயது. சாயங்காலம் அயோத்தியா மண்டபம் வரை தனியாக நடந்து போய், வழியில் கீரை வாங்கி, நாலு பேரோடு பேசிவிட்டு வருகிறாள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. மேற்கு மாம்பலத்திலேயே வாங்குவது என்று முடிவு.

இன்று பார்த்தது மூன்றாவது மாடி. நல்ல காற்று, விலையும் குறைவு. பிளான் காப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அதில் தரைத்தளமும் இரண்டு மாடியும்தான் இருக்கின்றன. "இங்க நிறைய வீடு இப்படித்தாம்மா" என்றார் புரோக்கர். அனுமதியில் இல்லாத மாடிக்கு ஆயுள் சேமிப்பைக் கொடுக்க முடியாது.

22 ஜூன், ஞாயிறு

1988ல் கட்டிய எட்டு வீட்டுக் குடியிருப்பு. முதல் மாடி, 520 சதுர அடி. கீழே டூவீலர் மட்டும் நிறுத்தலாம். பச்சைப் புள்ளி போட்ட மொசைக் தரை, இத்தனை வருஷம் கழித்தும் வழவழவென்று இருக்கிறது. எனக்குப் பிடித்துவிட்டது.

தெரிந்த கொத்தனார் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தோம். பால்கனிக்கு மேலே இருக்கும் சன்ஷேடைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரத்தில் டங் டங் என்று கெட்டியான சத்தம். நடுவில் வந்ததும் பொத் பொத்தென்று மாறியது. அந்த இடத்தில் காவி நிறத்தில் ஒரு கோடு வேறு. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால் மேலே இருக்கும் காங்கிரீட் விட்டுக்கொடுத்துவிடுமாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் பேசாமல் கீழே இறங்கிப் போய்த் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு வந்தார். "தூண்ல, பீம்ல ஒண்ணும் இல்லம்மா. சன்ஷேடை மட்டும் கொத்தி, துருவைச் சுரண்டி, திரும்பப் பூசணும்."

தரைத்தளத்து மாமியிடம் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருக்கின்றன. வெள்ளத்துக்கு அப்புறம் மாற்றியதாம். இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. தி.நகர் உருவானபோது அது போய்விட்டது. லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. தரைத்தளம் வேண்டாம், முதல் மாடி போதும் என்று நினைத்தது நல்லதாகப் போயிற்று.

4 ஜூலை, வெள்ளி

தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது எல்லாம் வக்கீலிடம் கொடுத்தாயிற்று. நான் பிடிவாதமாகக் கேட்டது யூ.டி.எஸ்., அதாவது மனையில் இந்த வீட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்றுதான். கட்டடத்துக்கு வயதாகிக்கொண்டே போகும். கடைசியில் நமக்கென்று நிற்பது அந்தப் பங்குதான். முன்பெல்லாம் இடித்துக் கட்ட எல்லோரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் முரண்டு பிடித்தாலும் நின்றுவிடும். 2022ல் வந்த அடுக்குமாடிச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்புக்கொண்டால் போதும். அப்படி ஒரு நாள் வந்தால் பேசப்போவது இந்தப் பங்கு.

சங்கச் செயலாளர் சார் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். எட்டு வீட்டு யூ.டி.எஸ்ஸும் பென்சிலில் வரிசையாக எழுதியிருக்கிறது. அவர் முன்னாலேயே கூட்டினேன்: 2,400 சதுர அடி. சரியாக ஒரு கிரவுண்டு. நம் வீட்டுக்கு 300. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

16 ஜூலை, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. விற்கும் பெரியவர் இன்றைக்கே ஒப்பந்தம் போட்டுவிடலாம் என்றார். விலை 47 லட்சம். அட்வான்ஸ் செக்காகக் கொடுத்தோம். மனைவி போனபின் பெரியவர் இங்கே தனியாக இருந்திருக்கிறார், இப்போது மகளோடு கோவைக்குப் போகிறார். கையெழுத்துப் போட்டதும், "பூஜை அலமாரியைப் பேத்துடாதீங்கம்மா, அது அவ சொல்லிச் செஞ்சது" என்றார். பேர்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

6 ஆகஸ்ட், புதன்

லோனுக்கு முதலில் போன வங்கி, கட்டடம் பழசு என்று மூன்று வாரம் இழுத்துவிட்டுக் கையை விரித்தது. அந்த மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இரண்டாவது வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து அளந்து, படம் எடுத்து, கட்டடம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக் கடன் கிடைத்தது, ஆனால் 20 வருஷம் கேட்ட இடத்தில் 15தான். மாதத் தவணை கூடும். சமாளிப்போம்.

21 ஆகஸ்ட், வியாழன்

பதிவு முடிந்தது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்ந்து 4,23,000 ரூபாய். டோக்கன், போட்டோ, கைரேகை. பெரியவரின் விரல் ரேகை தேய்ந்துபோய் மெஷினில் விழவே இல்லை. நாலாவது தடவை அவர் கையை நானே பிடித்து அழுத்தி வைத்தேன். வெளியே வந்து சாவியைக் கொடுத்தபோது அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இன்னும் ஈ.பி. பெயர் மாற்றம், சொத்து வரி பெயர் மாற்றம் இருக்கிறது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

பால் காய்ச்சிக் குடி வந்தாயிற்று. கொத்தனார் அண்ணன் நாளை சன்ஷேடுக்கு வருகிறார்.

சாயங்காலம் அம்மா மண்டபத்துக்குப் போய்விட்டுத் திரும்பினாள். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் முருங்கைக்கீரைக் கட்டு, இன்னொரு கை கைப்பிடிச் சுவரில். "பதினெட்டுப் படிடீ. நடுவுல ஒரே ஒரு தடவைதான் நின்னேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.