செவியால் ஓட்டிய வண்டி

ஓராண்டாக மின்சாரக் கார் ஓட்டி வருகிறேன்; அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே சக்கரத்தைச் சுழற்றும் முழு முறுக்குவிசையும் கிடைக்கிறது. மோட்டார் தனக்கு வரும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை இயக்கமாக மாற்றிவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினோ எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வெப்பமாக வீணாக்குகிறது. இவ்வளவும் தெரிந்திருந்தும், விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் பழைய பெட்ரோல் காரின் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் என் முகம் மலர்ந்துவிடுகிறது. அதற்கான காரணம், சத்தம் பெரிதாக இருப்பது அன்று. எஞ்சின் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்தச் சத்தம் எனக்கு உடனுக்குடன் சொல்லிவிடுகிறது என்பதுதான்.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தந்தவர், "மீட்டர் முள்ளைப் பார்க்காதே, காதைக் கொடு" என்பார். ஏற்றத்தில் எஞ்சின் முனகத் தொடங்கினால் கியரைக் குறைக்க வேண்டும். குரல் இறுகி உயர்ந்தால் கூட்ட வேண்டும். கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கால் உணர்வதற்கு முன்பே, ஓசை சற்றே தாழ்வதை வைத்துச் செவி உணர்ந்துவிடும். ஒரு நாள் காலையில் எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து வழக்கத்தில் இல்லாத மெல்லிய 'டிக் டிக்' ஒலி கேட்கவே, வண்டியை அணைத்துவிட்டு எண்ணெய் அளவைப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. அன்று எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றுவதற்குள் எரிபொருள் ஒரு முறை வெடிக்கிறது. ஆகவே ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் நிமிடத்துக்கு 1,000 சுற்றுகளில் நிற்கும்போது நொடிக்கு எட்டு வெடிப்புகள்தாம். செவி அவற்றைத் தனித்தனியாக எண்ணிவிடக்கூடும், அதனால்தான் அது நெஞ்சுத் துடிப்பைப் போலத் தோன்றுகிறது. எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 6,000 சுற்றுகளில் நொடிக்கு 400 முறை வெடிக்கும்; அங்கே துடிப்பு மறைந்து சுருதி பிறந்துவிடுகிறது. வெடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியும் குரலை மாற்றும். ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளின் வி-இரட்டை எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் 45 பாகைக் கோணத்தில் வி வடிவில் நிற்கின்றன; இரு பிஸ்டன்களும் கிராங்க் தண்டின் ஒரே முளையில் இணைந்திருப்பதால், அத்தண்டு 315 பாகை சுழன்றதும் ஒரு வெடிப்பு, பிறகு 405 பாகை சுழன்றதும் அடுத்தது என்று நொண்டி நொண்டி வருகின்றன. அந்த நொண்டல் ஓசையையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய அந்நிறுவனம் 1994-இல் விண்ணப்பித்து, 2000-இல் கைவிட்டது.

ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 2005 வரை ஓடிய, பத்துச் சிலிண்டர்கள் கொண்ட மூன்று லிட்டர் வி10 எஞ்சின்களை எண்ணிப் பார்க்கிறேன். 19,000 சுற்றுகளில் அவை நொடிக்கு ஏறத்தாழ 1,580 முறை வெடித்தன. அந்தக் கூர்மைக்கு இணையாக நான் வேறெதையும் கேட்டதில்லை. 2014-இல் வந்த 1.6 லிட்டர் டர்போ வி6 ஹைபிரிட் எஞ்சின்களின் குரல் தணிந்ததைப் பலர் குறைகூறினர், நானும் கூறினேன். ஆனால் அந்தக் குரல் தணிந்ததற்கு ஒரு பெரிய காரணம், முன்பு வெளியே வீணாகிய புகையின் ஆற்றலை, அந்தப் புகையாலேயே சுழலும் டர்போ பறித்துக்கொண்டதே. அப்படியானால் நாம் நேசித்த அந்த ஓசை வீணாகிப் போன ஆற்றலின் ஓசைதான். இதை ஒப்புக்கொள்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

எஞ்சின் ஓசை ஓட்டுபவருக்குச் செய்தி சொல்வதற்கே என்பதால், சைலன்சரைக் கழற்றிவிட்டு நள்ளிரவில் தெருவைக் கிழித்துச் செல்பவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உறங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் அது வெறும் துன்பம். லெக்சஸ் எல்எஃப்ஏ காரின் வி10 எஞ்சினுக்கு யமஹா ஓசை அமைத்தபோது, உள்வாங்கும் காற்றின் ஒலியை ஓட்டுபவரின் செவிக்குக் கொண்டுசெல்லும் வழிகளைத்தான் தேடினார்கள். கேட்க வேண்டியவர் ஓட்டுபவரே.

மின்சாரக் கார்களில் இப்போது ஒலிபெருக்கி வைத்து உறுமவைக்கிறார்கள். மெதுவாகச் செல்லும்போது நடந்து செல்வோரை எச்சரிப்பதற்கென்று சட்டம் கேட்கும் ஒலி தேவையானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஹூண்டாயின் 'ஐயோனிக் 5 N' போன்ற மின்சாரக் கார்கள் இல்லாத கியரை மாற்றுவதுபோல் குலுக்கி, இல்லாத எஞ்சினை ஒலிக்கவும் செய்கின்றன. திறமையான வேலைதான், ஆனால் பொத்தானை அழுத்தி ஒலியை நிறுத்தினாலும் மோட்டார் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்பதை அறிந்த பின் என் செவி அதை நம்ப மறுக்கிறது.

மோட்டாருக்கென்று உண்மையான ஒலி இல்லாமலும் இல்லை. அண்மையில் வானொலியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன். பற்சக்கரங்களிலிருந்தும், மின்கலத்தின் மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டரிலிருந்தும் மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்து வேகத்தோடு சேர்ந்து ஏறுகிறது. ஒரே கியர் என்பதால் மேட்டிலும் சமதளத்திலும் ஒரு வேகத்துக்கு ஒரே சுருதிதான். ஆயினும் மேடு ஏறும்போது அந்த ரீங்காரத்தில் சற்றே கனம் கூடுவது, கூர்ந்து கேட்டால், கேட்கத்தான் செய்கிறது.