சொட்டு மருந்தும் ஸ்கேன் தாளும்

என் மகனுக்கு இருப்பது எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் ரெட்டினோஸ்கைசிஸ் என்னும் விழித்திரை நோய். விழித்திரையின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதத்தை உருவாக்குகிற ஆர்எஸ்1 மரபணு பழுதுபட்டிருப்பதால், அடுக்குகள் விலகி, இடையில் நீர் கோத்த நுண்ணிய பைகள் உண்டாகின்றன. கூர்மையான பார்வைக்குரிய மையப் பகுதியிலேயே அவை தோன்றுவதால், கண்ணாடி அணிந்தாலும் எழுத்து முழுவதும் தெளிவதில்லை.

பழுதுபட்ட மரபணு தாயிடமிருந்து வருகிறது; தாய்க்குப் பெரும்பாலும் பார்வைக் குறை எதுவும் இருக்காது, பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. என் தம்பிக்கும் சிறு வயதிலிருந்தே பார்வை மங்கல். சத்துக் குறைவு என்று எங்கள் பாம்பன் வீட்டில் அவனுக்குச் சுறா ஈரல் எண்ணெயும் முருங்கைக்கீரையும் கொடுத்துப் பார்த்தார்களே தவிர, தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே நோய் என்பது மகனை மதுரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற பிறகுதான் தெரிந்தது. சொந்தத்தில் மணமுடித்ததால் வந்த வினை என்று உறவினர் சிலர் சொன்னார்கள். இந்த நோய் வர அது தேவையே இல்லை. ஆனால் நோயுள்ள தாய்மாமனுக்கே அக்காள் மகளைக் கொடுத்தால், இருபுறமிருந்தும் பழுதுபட்ட மரபணு சேர்ந்து, அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைக்கும் நோய் வரக்கூடும் என்பதை எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது 2 சதவீத டார்சோலமைடு என்னும் கண் சொட்டு மருந்து, நாளுக்கு மூன்று வேளை. கண் நீர் அழுத்த நோய்க்காக (கிளாக்கோமா) வந்த மருந்து அது. விழித்திரையில் தேங்கும் நீர் வடிவதற்கு உதவுவதால், இந்த நோய்க்கும் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. மருந்துக்கடையில் கேட்கும்போது ஒரு கவனம் வேண்டும். டார்சோலமைடுடன் டைமோலால் என்னும் இன்னொரு மருந்து கலந்த புட்டியும் ஏறக்குறைய இதே பெயரில் கிடைக்கிறது. டைமோலால் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஆபத்தானது, ஆகவே அட்டைப்பெட்டியில் இருக்கும் மருந்துப் பெயர்களை முழுவதும் படித்த பிறகே நான் பணம் கொடுக்கிறேன். டார்சோலமைடும் சல்ஃபா வகையைச் சேர்ந்தது என்பதால், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருந்து கண்ணில் எரியும். பிறகு தொண்டையில் இறங்கிக் கசக்கும். ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் கசப்பு வெகுவாகக் குறைகிறது. இதைக் கற்றுக்கொண்ட பிறகு அவன் ஓடி ஒளிவதில்லை. புட்டியின் முனை இமையில் படக்கூடாது. திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, ஒரு மாதத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும் என்பது, மணலும் உப்புக்காற்றும் வீட்டுக்குள் புகுந்துகொண்டே இருக்கும் எங்கள் ஊருக்கு இன்னும் பொருந்தும்.

இத்தனைக்கும் பலன் என்னவென்றால், விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேனில் நீர்ப்பைகள் சுருங்கியிருக்கின்றன, எழுத்துப் பலகையிலோ பெரிய மாற்றம் இல்லை. சிலருக்குப் பார்வையும் சற்றுத் தேறுகிறது, சிலருக்கு மருந்து எடுபடுவதே இல்லை, இன்னும் சிலருக்கு முதலில் வற்றிய நீர் மருந்தை விடாமல் போட்டும் திரும்பக் கோத்துக்கொள்கிறது. மரபணுவின் பழுதை எந்தச் சொட்டும் சரிசெய்யாது என்பதை மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டதற்கு நான் நன்றியுடையவள். பொய் நம்பிக்கையோடு தொடங்கியிருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்போம்.

சொட்டு மருந்தால் தடுக்க முடியாதவை கண்ணுக்குள் ஏற்படும் இரத்தக் கசிவும் விழித்திரை விலகலும். அடிபட்டால் அவை நேரக்கூடும் என்பதால், படகுத்துறையிலிருந்து கடலில் தலைகீழாகக் குதிப்பதை நிறுத்தச் சொன்னோம்; மருந்துக்கு அழாதவன் அதற்கு அழுதான். திடீரென்று நிழலோ கரும்புள்ளிகளோ தெரிந்தால், இரவாயினும் மதுரைக்குப் புறப்பட்டுவிட வேண்டும். நீர் குறைந்தே இருக்கும்வரை மருந்தைத் தொடர்வது, கூடினால் சிறிது காலம் நிறுத்திப் பார்ப்பதா என்பதை ஸ்கேன் தாளை வைத்து மருத்துவரே முடிவு செய்வது என்று பேசி வைத்திருக்கிறோம்.