குடிக்கு எதிரான திட்டங்களின் வரவு செலவு

மட்டக்களப்பு மாவட்டத்தில் மதுப் பாவனைக்கு எதிரான திட்டங்களுக்கு மதிப்பீட்டறிக்கை எழுதுவது சில காலம் என் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. அவ்வறிக்கைகளில் மண்டப வாடகை, பதாகை, சிற்றுண்டி, வளவாளர் கொடுப்பனவு என்று செலவுப் பக்கம் எப்போதும் நிரம்பியிருக்கும். பயன் பக்கத்தில் பங்குபற்றியோரின் எண்ணிக்கையைத் தவிர எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. விழிப்புணர்வு ஊர்வலத்தில் நடந்தவர்களுள் எத்தனை பேர் குடிப்பவர்கள் என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. பெரும்பாலும் நடந்தவர்கள் பாடசாலைப் பிள்ளைகளே.

தேசிய மட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 2015 ஆம் ஆண்டில் மதுவினால் இலங்கைக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.07 வீதம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சிகிச்சைச் செலவும், நோயினாலும் அகால மரணத்தினாலும் இழந்த உழைப்புமே அதில் அடங்கியுள்ளன. மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையில் கணவனின் நாட்கூலி கசிப்பு எனும் கள்ளச்சாராயத்துக்குப் போய்விட, அரிசிக்காக நுண்கடன் எடுத்து, அதன் வாராந்தத் தவணைக்கு இன்னொரு கடன் எடுக்கும் பெண்ணின் நட்டம் அந்த எண்ணுக்குள் வரவில்லை.

வெளிநாட்டுச் செலவு-பயன் விகிதங்களை இங்கே கொண்டுவந்து பேசுவோர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பிரித்தானியாவில் 742 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வொன்று, குடிநோய்ச் சிகிச்சைக்குச் செலவான ஒவ்வொரு பவுணுக்கும் ஏறத்தாழ ஐந்து பவுண் மிச்சமாகியதாகக் கண்டது. அங்கே மிச்சம் பிடித்தது வைத்தியசாலை, சமூக சேவை, பொலிஸ், நீதிமன்றம் ஆகியவற்றின் பணம். நம்மூரில் அடி வாங்கிய பெண் பொலிஸுக்குப் போவதில்லை, வைத்தியசாலைக்குப் போனாலும் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறாள். ஆகவே அவளுடைய கணவன் குடியை விட்டால் அரசாங்கத்துக்கு அதிகம் மிஞ்சாது, மிஞ்சுவதில் பெரும்பகுதி அவளுக்கே. கலால் வரி திறைசேரிக்குப் போகிறது, நட்டம் அடுப்படியில் விழுகிறது என்ற நிலையில், அரசின் செலவு மிச்சத்தை மட்டும் பயனாக எடுத்துக்கொண்டால் நல்ல திட்டமும் வீண் செலவாகவே தெரியும்.

நம் நிலைமைக்கு நெருக்கமான ஆய்வு கோவாவில் நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீங்கான அளவில் குடிக்கும் 377 ஆண்களுள் ஒரு பகுதியினருக்கு, மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் நடத்தினார்கள். மூன்று மாதங்களின் பின் தீங்கான குடியிலிருந்து மீண்டோர் ஆலோசனை பெற்றோரில் 36 வீதம், சற்று மேம்படுத்திய வழமையான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 26 வீதம். இதை இப்படிக் கணக்கிடலாம்: மேலதிகமாக ஒருவர் மீள்வதற்குப் பத்துப் பேருடன் பேச வேண்டும், அதாவது கூடியது நாற்பது அமர்வுகள். களுவாஞ்சிகுடியிலோ வாழைச்சேனையிலோ உள்ள ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவோடு சேர்ந்து இயங்கும் ஓர் ஆலோசகருக்கு நாற்பது அமர்வுகள் பெரிய சுமையல்ல. பத்தில் ஒன்றுதானா என்று கேட்பவர்களுக்கு, ஊர்வலத்தின் விகிதம் என்னவென்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கோவா ஆய்வு கடுமையாக அடிமைப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். நம்மூரில் இவர்களை இனங்காண்பதற்குச் செலவில்லாத ஒரு காலம் உண்டு. தீமிதிப்புக்குக் காப்புக் கட்டிய நாட்களில் பலர் குடியைத் தொடுவதில்லை. அந்நாட்களில் கைநடுக்கமும் நித்திரையின்மையும் வந்து வருந்துகிறவரை நேர்த்தியின் பெயரால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல் வைத்தியசாலைக்கு அனுப்புவதே முறை. அவருக்கு விடுதிச் சிகிச்சை செலவானாலும் தேவை; மற்றவர்களை வாரக்கணக்கில் தங்கவைத்து, உழைப்பையும் இழக்கச் செய்வது பெரும்பாலும் தேவையற்றது.

வரி உயர்வே மிக மலிவான வழி என்பதை உலக சுகாதார ஸ்தாபனம் தொடர்ந்து சொல்லிவருகிறது. அதை நான் மறுக்கவில்லை. எனினும் சாராயத்தின் விலை ஏறும்போது கசிப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அந்த மலிவில் ஒரு பகுதி கரைந்துவிடும். பொலிஸ் சுற்றிவளைப்பில் கோடா (கசிப்புக் காய்ச்ச ஊறவைத்த கலவை) பரல்களைக் கவிழ்த்துத் தண்டப்பணம் அறவிட்டால், அதை அடுத்த முறை காய்ச்சித் தேடிவிடுகிறார்கள். காய்ச்சுபவருக்கு வேறு வருமானம் காட்டாத சுற்றிவளைப்பின் பயன் சில வாரங்களே.

பணம் குறைவென்றால் நான் முதலில் வெட்டுவது பதாகையையும் ஊர்வலத்தையும். கடைசிவரை வெட்டக் கூடாதது, ஆலோசகர் மீண்டும் வீடு தேடிப் போவதற்கான போக்குவரத்துச் செலவு. அந்தப் பயணங்களைப் பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனி மாதங்களில் வைத்தால், விட்டவர் மீண்டும் தொடங்கும் வேளையில் ஆலோசகர் அங்கிருப்பார். அதற்கு மேலதிகமாக ஒரு சதமும் தேவையில்லை. ஆலோசகர் அப்படிப் போகும்போது, “குடித்தாயா” என்று குடியை விட்டவரிடம் கேட்பதோடு நில்லாமல், கடந்த கிழமை கூலியில் எவ்வளவு வீட்டுக்கு வந்தது என்று மனைவியிடம் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டால், அறிக்கையின் பயன் பக்கத்தில் எழுதுவதற்கு ரூபாயிலேயே ஓர் எண் கிடைக்கும்.