சோலார் ஃப்ளேர் துகள் முடுக்கம்: வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) எப்படிப் படிக்கலாம்?

எம்.எஸ்சி.யில் வானியற்பியல் விருப்பப் பாடம் எடுத்தவர்களும், பிஎச்.டி. நேர்காணலில் "சூரிய இயற்பியல்தான் என் விருப்பம்" என்று சொல்லப் போகிறவர்களும் இந்தத் தலைப்பைக் கண்டுதான் மலைக்கிறார்கள். ஃப்ளேர் (சூரியனில் காந்த ஆற்றல் திடீரென வெடித்து வெளிப்படுவது) எப்படித் துகள்களை முடுக்கி, அதாவது வேகமூட்டி, விண்வெளிக்கு அனுப்புகிறது என்பதைச் சமன்பாட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பூமிக்கு என்ன வந்தது, எப்போது வந்தது என்பதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். நான் அப்படித்தான் படித்தேன், வைவாவில் கைகொடுத்ததும் அதுதான்.

முதலில் ஒரு கணக்கு. சூரியனிலிருந்து கிளம்பும் புரோட்டான் நேராக வராது. சூரியக் காற்று இழுத்து வந்த காந்தக் கோடு பார்க்கர் சுருளாக வளைந்து கிடக்கும், அதன் வழியேதான் வரும், நீளம் ஏறத்தாழ 1.2 வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தூரம்தான் ஒரு வானியல் அலகு). துகளின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்வோம், எம்.இ.வி. என்றால் பத்து லட்சம், ஜி.இ.வி. என்றால் நூறு கோடி. 1 ஜி.இ.வி. புரோட்டானுக்குச் சுமார் 11 நிமிடம், 100 எம்.இ.வி.க்கு 23 நிமிடம், 10 எம்.இ.வி.க்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். இதை நீங்களே போட்டுப் பாருங்கள், சார்பியல் சூத்திரத்தில்தான் போட வேண்டும், நியூட்டன் சூத்திரத்தில் போட்டால் 1 ஜி.இ.வி. புரோட்டான் ஒளியையே முந்திவிடும்! வேகமானவை முதலில் வரும், மெதுவானவை பின்னால். அந்த வருகை நேரங்களை வைத்துத் துகள்கள் சூரியனை விட்ட நேரத்தைக் கணித்து, எக்ஸ்-கதிர் உச்சத்தோடு ஒப்பிடலாம் (ஒளி வந்துசேர எடுக்கும் 8 நிமிடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்).

இந்த ஒப்பீட்டைப் புரிந்துகொண்டால் பாடத்தின் பெரிய சண்டையும் புரிந்துவிடும்: துகள்களை முடுக்குவது ஃப்ளேரா, அதிர்ச்சி அலையா? 1946-இல் ஸ்காட் ஃபோர்புஷ், தரையிலிருந்த காஸ்மிக் கதிர் கருவிகளில் திடீர் உயர்வுகளைக் கண்டு அவற்றைச் சூரியனோடு தொடர்புபடுத்தினார். அப்புறம் வெகுகாலம் எல்லாப் பழியும் ஃப்ளேர் மீதுதான். 1993-இல் ஜான் காஸ்லிங் அதைக் கட்டுக்கதை என்றே எழுதினார்: பெரிய, நாள்கணக்கில் நீடிக்கும் துகள் மழைக்குக் காரணம் சி.எம்.இ. (சூரியன் வெளியே வீசியெறியும் பெரிய பிளாஸ்மா மேகம்) முன்னால் தள்ளிக்கொண்டு போகும் அதிர்ச்சி அலை என்பது அவர் வாதம். இன்று பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரிக்கிறோம். ஃப்ளேர் நேரடியாகத் தருவது சின்ன நிகழ்வு, சில மணி நேரம்தான், எலக்ட்ரான் அதிகம், ஹீலியம்-3 அசாதாரணமாகக் கூடியிருக்கும், கூடவே மூன்றாம் வகை ரேடியோ வெடிப்பு (வெளியே பாயும் எலக்ட்ரான் கற்றை எழுப்புவது) இருக்கும். அதிர்ச்சி அலை தருவது பரந்தது, புரோட்டான் அதிகம், கூடவே இரண்டாம் வகை ரேடியோ வெடிப்பு (அதிர்ச்சி அலையே எழுப்புவது) இருக்கும். ஹீலியம்-3-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள், சாதாரணமாக ஹீலியம்-4-இல் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு போல இருப்பது சில நிகழ்வுகளில் அதற்குச் சமமாகவே வந்துவிடும். வேறு எந்த அடையாளமும் இவ்வளவு தெளிவாக இல்லை என்பது என் கருத்து. ஆனால் பெரிய நிகழ்வுகளில் இரண்டும் கலந்தே இருக்கலாம், 2005 ஜனவரி 20 நிகழ்வுக்கு எது காரணம் என்று இன்னும் வாதம் நடக்கிறது.

சரி, ஃப்ளேருக்குள்ளே என்ன நடக்கிறது? எதிரெதிர்த் திசையிலுள்ள காந்தக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைகின்றன, இழுத்து விட்ட கவண் ரப்பர் போலச் சுருங்குகின்றன, சேர்ந்திருந்த காந்த ஆற்றல் வெளியேறுகிறது. இந்த இடத்துக்கு இரண்டு நிகழ்வுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜனவரி 13-இல் ஜப்பானின் யோக்கோ செயற்கைக்கோள் காந்த வளைவின் உச்சிக்கு மேலேயே கடின (அதிக ஆற்றல்) எக்ஸ்-கதிர் கிளம்பும் இடம் ஒன்றைப் பிடித்தது, அதாவது முடுக்கம் மேலே நடக்கிறது. 2017 செப்டம்பர் 10 ஃப்ளேரை கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு ரேடியோ தொலைநோக்கிகள் நுண்ணலையில் படம்பிடித்தன, அந்தப் பகுதியிலிருந்த எலக்ட்ரான்கள் ஏறத்தாழ மொத்தமும் முடுக்கப்பட்டிருந்தன. எந்த வழியில் என்பதற்குத்தான் ஒரே பதில் கிடையாது: நேரடி மின்புலம், கொந்தளிப்பில் ஃபெர்மி முறை முடுக்கம் (நகரும் காந்தப் புலங்களில் திரும்பத் திரும்ப மோதி ஆற்றல் ஏறுவது), சுருங்கும் காந்தத் தீவுகள் (மூடிய வளையங்களான காந்தக் கோடுகள்). மூன்றையும் ஒவ்வொரு பத்தியில் சொல்லத் தெரிந்தால் போதும், முழு நிறுவலையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது "விண்வெளிக்கு" என்ற பகுதியில். முடுக்கப்பட்ட எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை மூடிய வளைவுகள் வழியே கீழே இறங்கி, அடர்ந்த வளிமண்டலத்தில் மோதி எக்ஸ்-கதிர் தந்து முடிந்துபோகின்றன. திறந்த காந்தக் கோட்டில் ஏறிய சிறு பங்கு மட்டும்தான் தப்பி வெளியே வருகிறது, பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

கேட்கக்கூடிய ஒரு கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். சூரியனின் கிழக்கு விளிம்பில் பெரிய எக்ஸ் வகை (மிக வலிமையான வகை) ஃப்ளேர் வந்தால் பூமிக்கு உடனே புரோட்டான் வருமா? நம்மோடு இணைந்த காந்தக் கோட்டின் அடி, சூரியனின் நடுவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 60 பாகையில் இருக்கிறது, அதனால் ஃப்ளேரிலிருந்து நேரடியாக வருவதற்கு வாய்ப்பு குறைவு. ஆனால் வேகமான சி.எம்.இ. கூடவே கிளம்பியிருந்தால் அதன் அகலமான அதிர்ச்சி அலை பின்னர் நம் கோட்டைத் தொட்டு, அளவு மெல்ல ஏறலாம். இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அடுத்த கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.